வடக்குச் சரிவில் மூன்று பேர்

கஜீவன் வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் அந்த ஹெலிகொப்டர்க் கம்பனியின் அறிக்கை வெளியானது.

மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் இரண்டாம் மாடி வீடு. முன்னறைச் சோபாவை விரித்துக் கட்டிலாக்கியிருந்தார்கள். இடுப்பெலும்பில் இரண்டு தகடு, வலது தொடைக்குள் ஒரு கம்பி. நோத்ர-டாம்-த-கிரேஸில் ஓர் இத்தாலிய உணவகத்தின் குசினியில் பதினொரு வருடம் நின்றபடி வேலை செய்த மனிதன், இப்போது மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைப்பேசியில் வந்த அறிக்கையை மனதுக்குள் இரண்டு தரம் வாசித்தான். மூன்றாம் தரம் மனைவிக்குக் கேட்கும்படி, பிரெஞ்சைத் தமிழாக்கிச் சத்தமாக வாசித்தான்.

"'எங்கள் இயங்குபகுதிக்குள் முன்னறிவித்தல் எதுவுமின்றி நுழைந்த மூன்று சறுக்காளர்கள்...' நிரு, கேட்டீரோ? எங்கள் பகுதியாம். எங்கள்!"

நிருஷா அப்போதுதான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள். டோர்வல் விமான நிலையத்தில், புறப்படப் போகும் விமானங்களின் இறக்கையில் படிந்த பனியைச் சுடுதிரவம் பீச்சிக் கரைக்கிற வேலை அவளுக்கு. உயரத் தூக்கிய கூண்டுக்குள் அன்றைக்கு ஏழு மணித்தியாலம் நின்றிருந்தாள். திரவத்தின் தித்திப்பு மணம் அவளுடைய சட்டையில் இன்னும் இருந்தது.

"மிச்சத்தை வாசியுங்கோ."

"மிச்சம் என்ன மிச்சம். நாங்கள் ஆருக்கும் சொல்லாமல் போனனாங்களாம். வானொலிப் பதிவேட்டிலை எங்கட அழைப்பு இல்லையாம். பாதிக்கப்பட்டவர் கெதியிலை குணமடைய வாழ்த்துகளாம்." கைப்பேசியைப் போர்வை மேல் எறிந்தான். "வாழ்த்து!"

நிருஷா ஒற்றைச் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். பதிவேட்டில் அழைப்பு இல்லை என்பது பொய். அந்த அழைப்பை விடுத்தது அவள்தான். மறுமுனையில் பதில் சொன்னது யார் என்பதும் அவளுக்குத் தெரியும். கஜீவனுக்கும் தெரியும். வேறு யாருக்கும் அவர்கள் இன்னும் சொல்லவில்லை.

பனியோடு மாரடித்துச் சம்பாதிக்கிறவள் விடுமுறைக்கும் பனியைத் தேடிப் போவதை அவளுடைய உறவுகள் ஒருபோதும் விளங்கிக்கொண்டதில்லை. வேலைத்தலத்தில் அவளோடு கூண்டில் ஏறுகிற மார்த்தின்தான் ஒன்பது வருடத்துக்கு முன்னர் அவளை முதலில் கூட்டிப் போனாள். பிறகு கஜீவனும் சேர்ந்துகொண்டான். குளிர்காலத்தில் மூன்று நான்கு தரம், விடுப்புகளைச் சேர்த்துப் பிடித்து, ஒன்பது மணித்தியாலம் கார் ஓடி, காஸ்பேசியில் ஷிக்-ஷொக் மலைகளுக்குப் போவார்கள். விறகடுப்பு மட்டும் உள்ள ஒரு மரக்குடிலில் தங்குவார்கள். சறுக்குப் பலகையின் அடியில் வழுக்காத தோலை ஒட்டிக்கொண்டு விடிந்ததும் ஏறத் தொடங்கினால், மேலே போய்ச் சேர மத்தியானமாகிவிடும். அங்கே குந்தியிருந்து ரொட்டியும் கட்டைச்சம்பலும் தின்பார்கள். பிறகு தோலை உரித்து மடித்து குளிரங்கிக்குள் வைத்துக்கொண்டு, ஒரேயொரு தரம் கீழே சறுக்கி வருவார்கள். அரை நாள் ஏற்றத்துக்குக் கால் மணி இறக்கம். கஜீவனுக்கு அந்தக் கணக்கு பிடித்திருந்தது. அடுப்புக்கு முன்னால் நிற்கிற நாள்களில் அதை நினைத்துக்கொண்டுதான் நிற்பதாகச் சொல்வான்.

ஒடில் மலை யாருடைய சொத்துமல்ல, அரசாங்கக் காடு. ஐந்து வருடத்துக்கு முன்னர் அங்கே எலி-பூத்ரூஸ் வந்தது. பணக்கார விருந்தினரை ஹெலிகொப்டரில் ஏற்றி உச்சியில் இறக்கி, புதுப்பனியில் சறுக்க விடுகிற கம்பனி. பிரெஞ்சில் ஹெலிக்கு முதலெழுத்து ஒலிக்காது என்பதால், நிருஷாவின் தாய் சிவநேசம் பெயரைக் கேட்டதுமே சிரித்தாள். "எலியோ? பேரை வைச்சவனுக்குத் தன்னைத் தெரிஞ்சிருக்கு."

கால்நடையாக ஏறுகிறவர்கள் ஆறு மணித்தியாலத்தில் அடைவதை அந்த எந்திரம் ஆறு நிமிடத்தில் அடைந்தது. ஒரு காலைக்குள் பத்துப் பன்னிரண்டு தரம் ஆட்களைக் கொட்டியது. ஏறி முடித்து நிமிர்ந்தால் சரிவு முழுக்கக் கீறிக் கிடக்கும். அதுகூடப் பரவாயில்லை. பனிச் சரிவில் கீழே ஆள் நிற்கும்போது மேலே ஆள் இறங்கக்கூடாது என்பது மலைக்குப் போகிற குழந்தைக்கும் தெரிந்த விதி. மேலே ஒரு பலகை வெட்டினால் முழுத் தட்டும் பெயர்ந்து கீழே நிற்கிறவன் தலையில் வரும். அதனால் இரண்டு குளிர்காலத்துக்கு முன்னர் ஏறுகிறவர்களின் சங்கமும் கம்பனியும் உடன்பாடு எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். ஏறுகிறவர்கள் குறிப்பிட்ட அலைவரிசையில் இடத்தையும் ஆள் எண்ணிக்கையையும் அறிவிக்க வேண்டும். அறிவித்தால், அந்தச் சரிவுக்கு மேலே கம்பனி ஆளை இறக்காது.

மாசி மாதத்தில் அந்த வியாழக்கிழமை, காலை ஒன்பது நாற்பதுக்கு நிருஷா அறிவித்தாள்: ஒடில், வடக்குச் சரிவு, மூன்று பேர், இரண்டு மணி வரைக்கும். மலையிலிருந்த கோபுரம் அந்த அழைப்பை இணையம் வழியாக டோர்வலில் கம்பனியின் பறப்புக் கண்காணிப்பு மேசைக்கு அனுப்பியது. மேசையிலிருந்தவன் பிரெஞ்சில், கேட்டது, குறித்துக்கொண்டேன் என்றான். அதன் பிறகு, விதியில் இல்லாதபடி, தமிழில் மெல்லச் சொன்னான்.

"கவனமக்கா."

அவளுடைய தம்பி பிருந்தன்.

பத்து இருபத்தைந்துக்கு ஹெலிகொப்டர் வந்தது. பத்து முப்பத்தொன்றுக்குச் சரிவு உடைந்தது. நிருஷாவும் மார்த்தினும் ஓரத்து மரங்களுக்குள் நின்றதால் தப்பினார்கள். நடுவில் நின்ற கஜீவனை அது முந்நூறு மீற்றர் இழுத்துக்கொண்டு போய்ப் புதைத்தது. நெஞ்சில் கட்டிய தேடுகருவியின் ஒலியைப் பின்தொடர்ந்து, கம்பி விட்டுத் துழாவி, இரண்டு பெண்களும் பதினொரு நிமிடத்தில் அவனுடைய முகத்தைத் தோண்டி எடுத்தார்கள். முகம் நீலமாக இருந்தது. மூச்சு இருந்தது. மேலே நின்ற விருந்தினர்களை ஹெலிகொப்டர் ஏற்றிக்கொண்டு போய் விடுதியில் விட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் கஜீவனை ஏற்றத் திரும்பி வந்தது.

அதைத்தான் நிருஷாவால் பொறுக்க முடியவில்லை. முதலில் விருந்தினர்.

அறிக்கை வந்த அடுத்த நாள், ஜோன்-தலோன் தெருவில் பேரின்பநாதனின் கடைக்கு மரக்கறி வாங்கப் போனாள். கடைக்காரர் முருங்கைக்காயைச் சுற்றிக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"பிள்ளை, அவருக்கு இப்ப எப்பிடி?"

"எழும்பி இருக்கிறார் அண்ணை. நிக்க ஏலாது."

"ஓமோம். நான் சொல்லுறனெண்டு குறை நினைக்காதையும். உது வெள்ளையளின்ர விளையாட்டல்லோ? எங்கட ஆக்களுக்கு உது ஏன்?"

கல்லாவுக்கு மேலே தொலைக்காட்சியில் மட்டைப்பந்து ஓடிக்கொண்டிருந்தது. நிருஷா அதைக் கையால் காட்டினாள்.

"உது ஆற்ற விளையாட்டு அண்ணை?"

பேரின்பநாதன் முருங்கைக்காய்க் கட்டைப் பைக்குள் வைத்தார். பக்கத்தில் நின்ற ஒரு மனிசி, "அதுசரி, கேள்விதான்" என்று சொல்லிச் சிரித்தாள். நிருஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இடித்துத் தள்ளியவனை ஒருவரும் கேட்கவில்லை. விழுந்தவனைத்தான், நீ ஏன் அந்த வழியால் போனாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சிவநேசம் ஆட்டுக்கால் சூப்போடு வந்தாள். அறுபத்திரண்டு வயது. டோர்வலில் விமானச் சாப்பாடு தயாரிக்கிற குசினியில் இருபத்தாறு வருடமாக வேலை. குளிரறைக்குள் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு தட்டங்களில் வெண்ணெயும் பாணும் அடுக்கி அடுக்கி விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. மருமகனுக்கு முதுகில் தலையணை வைத்து, கோப்பையைக் கையில் கொடுத்தாள்.

"குடியுங்கோ தம்பி. மிளகு கொஞ்சம் தூக்கலாப் போட்டனான்."

"பிருந்தன் வரேல்லையோ மாமி?"

"அவனுக்கு வேலையாம்."

"மூண்டு கிழமையா வேலையோ?"

சிவநேசம் குசினிக்குள் வந்தாள். நிருஷா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தாய் பக்கத்துக் கதிரையில் இருந்து தானும் ஒரு பிடி எடுத்தாள்.

"அம்மா, வாற சனிக்கிழமை விசாரணை இருக்கு. எலிக்காரர் முழு மலைக்கும் பத்து வருச உரிமை கேட்டிருக்கிறாங்கள். சனங்கள் வந்து கருத்துச் சொல்லலாம். நான் கதைக்கப்போறன்."

"கதை. உன்ர மனுசனல்லோ கிடக்கிறார்."

"ஆர் பதில் சொன்னதெண்டு கேப்பினம்."

"சொல்லன்."

நிருஷா கீரையைக் கீழே வைத்தாள். "பதில் சொன்னது தம்பி அம்மா."

சிவநேசத்தின் கை நின்றது.

"எங்கட பிருந்தனோ?"

"கவனமக்கா எண்டு சொன்னவன். என்ர காதாலை கேட்டனான். இப்ப அப்பிடி ஒரு அழைப்பே வரேல்லையெண்டு எழுதியிருக்கிறாங்கள். அவன் வாயைத் திறக்கேல்லை."

தாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "பேரைச் சொல்லிப்போடாதை பிள்ளை."

"அம்மா!"

"ஒரு ஆள் பதில் சொன்னதெண்டு மட்டும் சொல்லு. அவன் எவ்வளவு கஸ்ரப்பட்டு அந்த வேலைக்கு வந்தவன். நாலு வருசம் படிச்சவன். பேரைச் சொன்னியெண்டா இந்த நாட்டிலை ஒரு விமானக் கொம்பனியும் அவனை வாசல்லையும் விடாது. பொலிசும் வரும்."

முன்னறையிலிருந்து கஜீவனின் குரல் வந்தது. "மாமி, சுவர் மெல்லிசு. எனக்கு எல்லாம் கேக்குது."

சிவநேசம் எழுந்து வாசற்படியில் போய் நின்றாள். அவன் கோப்பையைக் குடிக்காமல் மடியில் வைத்திருந்தான்.

"நான் உங்கட மகனைப் பழிவாங்கக் கேக்கேல்லை மாமி. அவன் என்ர கலியாணத்திலை எனக்குத் தோழனா நிண்டவன். ஆனா பாருங்கோ. ஊரிலை எங்கட காணிக்குள்ளை முகாம் போட்டிட்டு, உள்ளை போனா அத்துமீறல் எண்டு போர்டு வைச்சவங்கள். அதை விட்டிட்டு இஞ்சை வந்தம். இஞ்சை இது எல்லாற்றையும் மலை. நான் நடந்து ஏறினனான். சொல்லிப்போட்டு ஏறினனான். என்ர தலைக்கு மேலை ஆளை இறக்கிப்போட்டு, நான் அத்துமீறினனானாம். இதையும் நான் பொறுக்கவோ?"

"பொறுக்கச் சொல்லேல்லை தம்பி..."

"சொல்லுறியள் மாமி. அதைத்தான் சொல்லுறியள்."

சிவநேசம் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "எனக்கு ரெண்டு பிள்ளையள். நான் எங்கை போய் நிக்க?" என்று கேட்டாள். சூப்பில் கொழுப்பு ஆடையாகப் படிந்துவிட்டது.

புதன்கிழமை பகல், வேலை இடைவேளையில், நிருஷா தம்பியைத் தேடிப் போனாள். எலி-பூத்ரூஸின் அலுவலகம் விமான நிலையத்துச் சரக்குக் கொட்டில்களின் பின்னால் இருந்தது. பிருந்தன் கம்பனியின் சிவப்பு மேலங்கியோடு வாகனத் தரிப்பிடத்தில் நின்று கோப்பி குடித்தான். இருபத்தொன்பது வயது. மூன்று கிழமையில் கன்னம் ஒட்டியிருந்தது.

"வீட்டை வாறேல்லை நீ."

"அக்கா, என்னோடை இதைப் பற்றிக் கதைக்காதை. கொம்பனி வக்கீல் ஒருத்தரோடையும் கதைக்கக்கூடாதெண்டு சொல்லியிருக்கு."

"நான் ஒருத்தரோ?"

அவன் கோப்பியைப் பார்த்தான். "நான் விருந்தினரைக் கூட்டிப்போற கைடுக்குச் சொன்னனான். வடக்கிலை ஆக்கள் நிக்கினமெண்டு சொன்னனான். மற்றச் சரிவெல்லாம் கீறிப் போச்சு, விருந்தினர் விடியவிலிருந்து புதுப்பனி கேட்டுக்கொண்டு நிக்கினம், ஓரத்தாலை இறக்கிறன் எண்டவன். அதுக்கு மேலை நான் என்ன செய்ய?"

"அப்ப அந்த அழைப்பு வந்தது உண்மைதானே?"

"அக்கா, தயவுசெய்து."

"வந்ததோ, வரேல்லையோ?"

கதவைத் திறந்து ஒரு மேலாளர் எட்டிப் பார்த்தார். பிருந்தன் கோப்பையைக் கசக்கி எறிந்துவிட்டு உள்ளே போனான். ஓடுபாதைப் பக்கமாக ஈரப்பனி கொட்டத் தொடங்கியது. நிருஷாவுக்கு அன்று பதினாறு விமானங்கள். ஒவ்வோர் இறக்கையிலும் பனி வழிந்து ஓடுவதைப் பார்த்தபடி, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். ஓர் இறக்கையில் விரல் தடிப்பளவு பனியை விட்டுவிட்டு, நான் திரவம் அடித்துவிட்டேன் என்று எழுதினால் இந்த ஊர் என்னைச் சும்மா விடுமா?

விசாரணை சனிக்கிழமை காலை, நகரத்து நூலகமொன்றின் கீழ்த்தள மண்டபத்தில் நடந்தது. மலை எங்கோ இருந்தாலும், ஏறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மொன்றியல்காரர். நூற்றைம்பது பேர்வரை வந்திருந்தார்கள். பனிச்சப்பாத்துகளின் ஈரம் தரை முழுக்கத் தேங்கியது. முன்மேசையில் விசாரணைக் குழுவின் மூவர் இருந்தார்கள். நடுவிலிருந்த நரைத்த பெண் தலைவர். வலப்பக்கம் கம்பனியின் ஆட்கள், எல்லாரும் சிவப்பு மேலங்கி. கடைசிக் கதிரையில் பிருந்தன் இருந்தான். தேவைப்பட்டால், அழைப்பு வரவில்லை என்று சொல்வதற்காகத்தான் அவனைக் கூட்டி வந்திருந்தார்கள்.

சிவநேசம் வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். ஆனால் நிருஷாவும் மார்த்தினும் போய் இருந்து சற்று நேரத்தில், கனத்த குளிரங்கியோடு வந்து பின்வரிசையில் தனியாக இருந்தாள்.

கம்பனியின் பேச்சாளர் நல்ல குரலுள்ள மனிதர். பாதுகாப்புத்தான் தங்களுக்கு முதல் என்றார். உள்ளூரில் நாற்பது குடும்பங்களுக்கு வேலை கொடுப்பதாகச் சொன்னார். மலையை எல்லாரோடும் பகிர விரும்புவதாகவும் சொன்னார். "ஆனால் பகிர்வதென்றால் இரு பக்கமும் விதியை மதிக்க வேண்டும். எங்கள் பதிவேட்டில் அன்று காலை வடக்குச் சரிவு பற்றி ஒரு வரியும் கிடையாது. ஒலிப்பதிவுக் கருவி துரதிர்ஷ்டவசமாக அந்தக் கிழமை பழுதாகியிருந்தது."

மண்டபத்தில் யாரோ தூ என்றார்கள். தலைவர் மேசையில் தட்டினார்.

நிருஷாவின் முறை வந்தது. எழுதி வைத்ததைப் பார்க்காமல் பிரெஞ்சில் பேசினாள். ஒன்பது நாற்பது, பத்து இருபத்தைந்து, பத்து முப்பத்தொன்று. நீலமாகிய முகம். முதலில் ஏற்றிப் போன விருந்தினர். அங்கே மண்டபம் முழுக்க முணுமுணுத்தது. இறுதியில் சொன்னாள்: "அவர்கள் எங்களோடு மலையைப் பகிரவில்லை. எங்களுக்கு மேலே நின்றார்கள்."

பேச்சாளர் எழுந்தார். "உங்கள் துயரத்தை மதிக்கிறோம், அம்மணி. தவறான அலைவரிசையில் அழைத்திருக்கலாம். அழைப்புக்கு யார் பதில் சொன்னார் என்று உங்களால் கூற முடியுமா?"

நிருஷா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்வரிசையைப் பார்த்தாள். தாயின் முகம் வெளிறியிருந்தது. கம்பனிக்காரர் பக்கம் திரும்பினாள். பிரெஞ்சில் அந்தப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. தமிழில் கேட்டாள்.

"தம்பி, நீ சொல்லு. என்ர குரலைக் கேட்டனியோ இல்லையோ?"

பிருந்தன் தலையைத் தூக்கவில்லை.

"அத்தானாலை இன்னும் நிக்க ஏலாது. உன்னைக் கேக்கிறன். கேட்டனியோ?"

மண்டபம் ஒன்றும் விளங்காமல் அமைதியானது. சிவப்பு மேலங்கிகள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. அவன் எழுந்தான். தமிழ்தானே, இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்ற துணிவோ, இனித் தாங்க முடியாது என்ற களைப்போ, உடைந்த குரலில் சொன்னான்.

"கேட்டனான் அக்கா. கைடுக்குச் சொன்னனான். பதிவேட்டிலையும் எழுதினனான். பேந்து அழிச்சுப்போட்டன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவர் என்ன சொன்னார்?"

நிருஷா மொழிபெயர்க்கவில்லை. "அவரே சொல்லட்டும்" என்றாள்.

பிருந்தன் தன் மேலாளரைப் பார்த்தான். மேலாளர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிருந்தன் அழகான, பிழையில்லாத, கியூபெக் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் சொன்னான். "என் சகோதரியின் வேதனைக்காக வருந்துகிறேன் என்று சொன்னேன்."

மார்த்தினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேச்சாளர் அனுதாபத்தோடு தலையாட்டி உட்கார்ந்தார். தலைவர் அடுத்த பெயரை வாசிக்கத் தாளைப் புரட்டினார்.

"நோன், மதாம்."

பின்வரிசையில் சிவநேசம் இல்லையென்று கையை ஆட்டியபடி எழுந்து நின்றாள். ஒலிவாங்கி தேவைப்படவில்லை. இருபத்தாறு வருடம் குளிரூட்டி எந்திரங்களின் இரைச்சலுக்கு மேலால் கத்திப் பழகிய குரல் அது. அவளுடைய பிரெஞ்சில் காலமும் இல்லை, ஆண்பால் பெண்பாலும் இல்லை. தட்டம், கத்தி, கெதியாக, நாளைக்கு, முடிந்தது என்று குசினியில் பொறுக்கிய சொற்களால் ஆனது. அதை வைத்துக்கொண்டு, இடையில் நின்று நின்று, சொன்னாள்.

"அவன் அப்படிச் சொல்லுறது இல்லை. அவன் பொய். அவன் கேக்கிறது. அவன் எழுதுறது. பெரிய முதலாளி சொல்லுறது, அழி. அவன் அழிக்கிறது. முடிஞ்சுது."

சிவப்பு மேலங்கிகள் ஒன்றாக எழுந்தன. சத்தம் மண்டபத்தை நிறைத்தது. தலைவர் பலமாகத் தட்டினார். "அம்மணி, நீங்கள் யார்? எந்தத் தரப்பு?"

"அவ என்ர மகள். அவன் என்ர மகன்" என்றாள் சிவநேசம். அதற்கு மேல் பிரெஞ்சு வரவில்லை. கதிரையில் இருந்துவிட்டாள்.

பிருந்தன் மறுக்கவில்லை. முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். அதுவே போதுமாயிருந்தது.

நிருஷா மட்டும் ஒன்றைக் கவனித்தாள். முதலாளி சொன்னார் என்று தம்பி சொல்லவேயில்லை. அழிச்சுப்போட்டன் என்றுதான் சொன்னான். அது தாய் தன்பாட்டில் சேர்த்தது. நிருஷா அதைத் திருத்தவில்லை.

திங்கட்கிழமை கம்பனி இரண்டாவது அறிக்கை விட்டது. ஓர் ஊழியர் தன் எண்ணத்தில் பதிவேட்டை மாற்றியது தங்களுக்கு அதிர்ச்சி தருகிறது என்றும், அவரைப் பணிநீக்கம் செய்துவிட்டதாகவும், நிர்வாகத்துக்கு எதுவும் தெரியாது என்றும் எழுதியிருந்தார்கள். ஓரத்தால் இறக்கிய கைடைப் பற்றி ஒரு வார்த்தையில்லை. ஒரே வரியில் முழுப்பழியையும் மேசையிலிருந்த தமிழ்ப் பெடியன் தலையில் கொட்டிவிட்டு, எலி வளைக்குள் போய்விட்டது.

பங்குனிக் கடைசியில் குழுவின் இடைக்காலத் தீர்மானம் வந்தது. இந்தப் பருவம் முடியும்வரை வடக்குச் சரிவில் ஹெலிகொப்டர் இறங்கக்கூடாது. பருவம் முடிய இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. பத்து வருட உரிமை பற்றிய முடிவு, சித்திரை முப்பதுக்குள் வருகிற எழுத்துமூலச் சாட்சியங்களைப் பார்த்த பிறகுதானாம்.

"ரெண்டு கிழமை!" கஜீவன் நடைச்சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் நின்றான். நிற்கத் தொடங்கி ஐந்து நாள். "வெய்யில் எறிச்சுப் பனி உருகிற நேரத்திலை தடை போடுறாங்கள். குளம் வத்தின பிறகு வலை வீசாதை எண்டு சட்டம் போடுற மாதிரி."

அந்த ஞாயிறு மத்தியானம் கதவு தட்டுப்பட்டது. பிருந்தன். சிவப்பு மேலங்கி இல்லை. அவனுக்குப் பின்னால் சிவநேசம் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தாள். ஒரு மாதமாகத் தாயோடும் அவன் பேசவில்லை என்று நிருஷாவுக்குத் தெரியும். அன்று காலை தானாகவே வந்து, அக்கா வீட்டை வாங்கோ என்று கூப்பிட்டானாம்.

உள்ளே வந்தவன் கதிரையில் இருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான்.

"அத்தான், ஒரு கடிதம் எழுதினனான். குழுவுக்கு. முதல் உங்களுக்கு வாசிச்சுக் காட்டவேணும்."

"வாசி."

அவன் பிரெஞ்சில் வாசித்தான். ஒன்பது நாற்பதுக்கு அழைப்பு வந்தது, ஒன்பது ஐம்பத்திரண்டுக்குக் கைடுக்குச் சொன்னேன், கைட் சொன்ன பதில் இது. பின்னேரம் மேலாளர் வந்து, பதிவேடு துப்புரவாக இருக்கட்டும் என்றார். அந்த வரியை அழித்தது நான்.

சிவநேசம் இடைமறித்தாள். "அவன் சொல்லித்தானே அழிச்சனி. அதை வடிவா எழுது ராசா."

"இல்லை அம்மா. அழி எண்டு அவர் வாயாலை சொல்லேல்லை. துப்புரவா இருக்கட்டும் எண்டுதான் சொன்னவர். அதுதான் அவங்கட கெட்டித்தனம். அண்டைக்கு நீங்கள் என்னைக் காப்பாத்தப் பாத்தியள். ஆனா நீங்கள் சொன்ன மாதிரி நடக்கேல்லை. ஒரு பிழையை எழுதினா அதைப் பிடிச்சுக்கொண்டு முழுக்கடிதத்தையும் கிழிச்சுப்போடுவாங்கள்."

கஜீவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். நிருஷா கதிரையை இழுத்தாள். அவன் வேண்டாமென்று தலையாட்டினான்.

"பிருந்தன், நான் ஒண்டு கேக்கிறன். கைட் ஓரத்தாலை இறக்கிறன் எண்டு சொன்னது ஒம்பது அம்பத்திரண்டு. ஹெலி வந்தது பத்து இருவத்தைஞ்சு. அரை மணித்தியாலம் உன்ர கையிலை வானொலி இருந்தது. ஏன் எங்களைக் கூப்பிட்டு, விலத்துங்கோ எண்டு சொல்லேல்லை?"

பிருந்தன் தாளைப் பார்த்தான். அந்தக் கேள்வி அதில் இல்லை. இத்தனை நாளும் ஒருவரும் அவனிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. நிருஷா தானும் கேட்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தாள்.

"அந்த அலைவரிசையை எல்லாரும் கேப்பினம் அத்தான்" என்றான் கடைசியில். "விருந்தினருக்கும் கேக்கும். கொம்பனி ஆளே கொம்பனியை நம்பாமல் எச்சரிக்கிறானெண்டு வரும். பயந்திட்டன். ரெண்டு தரம் கையிலை எடுத்தனான். வைச்சிட்டன்."

சிவநேசம் வாயில் சேலைத் தலைப்பை வைத்து அழுத்திக்கொண்டாள். கஜீவன் அடிக்கப்போகிறவனைப் போல ஒரு கணம் நின்றான். பிறகு மெல்ல, மிக மெல்ல, கதிரையில் இருந்தான்.

"அதையும் எழுது."

"அதை எழுதினா எனக்கு இனி..."

"தெரியும். எழுது. கைட் சொன்னதும் எழுது, மேலாளர் சொன்னதும் எழுது, உன்ர பயத்தையும் எழுது. பயமில்லாமல் ஒருத்தன் வானொலியை எடுக்க ஏலாத இடத்துக்குப் பத்து வருசத்துக்கு மலையைக் குடுக்கிறதோ எண்டு அவை வாசிச்சுப்போட்டு யோசிக்கட்டும்."

பிருந்தன் குசினி மேசையில் இருந்தான். நிருஷா பேனை கொடுத்தாள். அவன் எழுதினான், வெட்டினான், மறுபடி எழுதினான். சிவநேசம் தேத்தண்ணி ஊற்றினாள். கஜீவனுக்கும் மகனுக்கும் ஒரே அளவு சீனி போட்டாள். ஒன்றரைப் பக்கத்தில் கடிதம் முடிந்தது. கீழே முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தான்.

"தபால்லை போடமாட்டன். நாளைக்குக் காலமை நானே கொண்டுபோய்க் குடுக்கிறன். கேள்வி கேட்டா அங்கையே சொல்லுறன்."

சிவநேசம் அவனுடைய குளிரங்கியை எடுத்து நீட்டினாள். நீட்டியவள் விடவில்லை, தோளில் பிடித்தபடி நின்றாள்.

"நானும் வரட்டோ ராசா?"

"வேண்டாம் அம்மா" என்றான் பிருந்தன். "எனக்குப் பிரெஞ்சு தெரியும்."